ஆறாவது பாட்டில்

சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஆறு பாட்டில்களில் ஐந்தின் வாயைத் தோல் மூடியிருந்தது. ஆறாவதை மூடியிருந்தது ஒரு பெட்ஷீட்டின் துண்டு.

யாரும் வருவதற்கு முன்பே வந்து இன்பராஜ் அதை மாட்டிவைத்திருந்தார். ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியின் சோதனை லேபில் இருபத்துநான்கு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. ஈரத்தை உறிஞ்சும் குறுமணிகளைப் பாட்டிலுக்குள் போட்டு, வட்டமாக வெட்டிய தோலால் வாயை மூடித் திருகி, எடை பார்த்து, ஃபேனுக்கு முன்னால் சுற்றும் சக்கரத்தில் மாட்டிவிட வேண்டும். மறுநாள் எடுத்து எடை பார்த்தால் பாட்டில் ஒரு துளி கனத்திருக்கும். வெளியே இருந்த ஈரம் தோலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கனம் கூடியிருந்தால் தோல் மூச்சு விடுகிறது. கூடவில்லையென்றால் அந்தத் தோலில் செய்த ஷூவுக்குள் கால் வெந்துபோகும்.

"இன்னா சார், இனிமே பெட்ஷீட்லயும் ஷூ தைக்கிறோமா?"

முபஷ்ஷிரா பின்னால் வந்து நின்றிருந்தாள். லேபில் அவரைத் தவிர இருக்கும் ஒரே ஆள். வேதியியல் படித்துவிட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஜூன் மாதம் அவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி அவளுக்குத்தான்.

"சும்மா பாக்குறேம்மா."

"சும்மாவா? நம்பர் போட்டு, தேதி போட்டு ஒட்டியிருக்கீங்க."

இன்பராஜ் தராசின் கண்ணாடிக் கதவைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வீட்ல படுத்தா சூடு ஏறுது. ராத்திரில வேர்த்து ஊத்துது. எந்தத் துணி நல்லதுன்னு..."

"உங்களுக்கா?"

"இல்ல. வீட்ல."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் மனைவி ஜெயசீலி படுக்கையறையை விட்டு ஹாலுக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எழுந்து, தலையணையை எடுத்துக்கொண்டு, "இங்க காத்தே வரல" என்றாள். அவர் "ம்" என்றார். பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் தலையணை கட்டிலுக்குத் திரும்பி வரவேயில்லை. இவ்வளவுதான் நடந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானம் ஆக ஓர் இடமாவது இருந்திருக்கும்.

அவள் ஒருநாள் தனியாக வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். அலமாரியில் டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் அவருக்கு அது தெரிந்தது. மாதவிலக்கு நிற்கிற வயதில் உடம்பில் திடீர் திடீரென்று அனல் ஏறும், சில வருடம் இருக்கும், டாக்டர் பருத்தி உடுத்தச் சொல்லியிருக்கிறார் என்று, இன்பராஜ் கேட்டபோது சொன்னாள். அதையும் அரிசி களைந்துகொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஏசி மாட்டலாமா என்று பெங்களூரிலிருந்து மகள் கேட்டதற்கு, "வேணாம்மா, ஏசில எனக்கு முட்டி புடிச்சிக்கும்" என்றுவிட்டாள்.

உடம்புச் சூடு ஒரு காரணம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதுதான் காரணமா என்று தெரியாது. கல்யாணமான புதிதில், "உங்கமேல கம்பெனி வாசன அடிக்குது" என்று அவள் சிரித்திருக்கிறாள். முப்பது வருடம் கழித்து அது சிரிப்பாக இல்லாமல் போயிருக்கலாம். கொஞ்ச நாள் அவர் ராத்திரியிலும் குளித்துப் பார்த்தார். அவள் துண்டை மட்டும் மாற்றி வைத்தாள்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஜெயசீலி திரும்ப அறைக்குள் வந்து கட்டிலில் படுக்க வேண்டும். ஜூனுக்குப் பிறகு பகலும் ராத்திரியும் ஒரே வீட்டுக்குள் இருக்கப்போகிறார்கள். ராத்திரி ஆளுக்கொரு இடம் என்று ஆகிவிட்டால், பகலும் அப்படியே பிரிந்துவிடும். வாயைத் திறந்து கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பாட்டிலில் போட்டுப் பார்க்கிற பழக்கம்தான் இருந்தது.

பஜாரில் நிசார் அஹமதுவின் ஜவுளிக்கடைக்குப் போனார்.

"பாய், படுத்தா சூடு ஏறாத பெட்ஷீட் வேணும்."

"இதப் பாருங்க சார். அறுநூறு கவுண்ட்டு, இழை அவ்ளோ நெருக்கம். கைய வெச்சுப் பாருங்க, வெண்ணெ மாதிரி வழுக்கும்."

"கவுண்ட் ஜாஸ்தியா இருந்தா சூடு கம்மியா இருக்குமா?"

"கவுண்ட்டு ஜாஸ்தின்னா ரேட்டு ஜாஸ்தி. சூட்டப் பத்தி எனக்குத் தெரியாது சார்" என்று நிசார் அஹமது நேர்மையாகச் சொன்னார்.

"எல்லாத்துலயும் ஒரு கையகலம் பிட்டு குடுங்க. பாத்துட்டு வந்து வாங்குறேன்."

"தோல் கம்பெனி ஆளுங்களே இப்படித்தான். சாம்பிள் இல்லாம சோறு கூடத் துன்ன மாட்டீங்க." சொல்லிக்கொண்டே ஓரங்களிலிருந்து வெட்டிக் கொடுத்தார்.

அப்படித்தான் ஆறாவது பாட்டிலுக்கு வேலை வந்தது. தினமும் ஒரு துணி. மகள் வாங்கித் தந்த, பட்டுப்போல மினுங்கும் செயற்கை இழை பெட்ஷீட்டின் ஓரத்திலிருந்து ஒரு வட்டம். அறுநூறு கவுண்ட். சாதாரண பாப்ளின். தோலோடு ஒப்பிட்டால் எல்லாத் துணியுமே நன்றாக மூச்சு விட்டது. துணிக்குத் துணி வித்தியாசம் கொஞ்சம்தான் என்பது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

"சார், ஆவி போறது மட்டும் பத்தாது" என்றாள் முபஷ்ஷிரா. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். மினுங்கும் துணியில் சொட்டு அப்படியே உருண்டு நின்றது. அறுநூறு கவுண்ட் இழுத்துக்கொண்டது, ஆனால் உணவு இடைவேளை முடிந்து வந்தபிறகும் ஈரமாகவே இருந்தது. "வேர்வைய இழுக்கணும், இழுத்தத சீக்கிரம் வெளிய விடணும், ஒடம்புல ஒட்டக் கூடாது. நெருக்கமா நெய்ஞ்சா அது வராது. எங்க அம்மி குடியாத்தம் லுங்கித் துணியத்தான் விரிச்சிப் படுக்கும். மே மாசத்துல கூட அது மேல நல்லாத் தூங்கும்."

மறுநாள் அவளே ஒரு பழைய லுங்கித் துண்டு கொண்டுவந்தாள். சொட்டு விட்ட இடம் உள்ளங்கை அளவுக்குப் பரவி, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் காய ஆரம்பித்திருந்தது. பாட்டிலிலும் அதுதான் முதலில் வந்தது.

"ஜெயிச்சிட்டீங்க சார். அது சரி, அடில என்னா மெத்த?"

"நல்ல மெத்ததான். மூணு வருஷம் ஆகுது, இன்னும் புதுசு மாதிரியே இருக்கு."

"அதுக்கில்ல. ஷூவுக்கு மேல அப்பர் நல்லாருந்து உள்ள லைனிங் ரெக்ஸினா இருந்தா இன்னா பிரயோஜனம்? அதான் கேட்டேன்."

இந்த வாக்கியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். தலையை ஆட்டிவிட்டு எடையை எழுதினார்.

சனிக்கிழமை அரைநாள். நேராகக் குடியாத்தத்துக்கு பஸ் ஏறினார். வெளிர் நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கட்டம் போட்ட துணியாக ஐந்தரை மீட்டர் வாங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து, இரண்டாக வெட்டி நடுவில் சேர்த்துத் தைத்து வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் பையை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு தரம் என்ன என்று பார்த்தார். யாராவது கேட்டால் சொல்லலாம்போல இருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தபின் கொடுத்தார்.

ஜெயசீலி பிரித்து, விரலை உள்ளே விட்டுத் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பிறகு நடுத்தையலைக் கட்டைவிரலால் தடவினாள். பதினெட்டு வருடம் ஒரு கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைத்தவள்.

"யாரு தெச்சது இது?"

"குடியாத்தத்துல ஒருத்தரு."

"நடுவுல கயிறு மாதிரி நிக்குது. இதும்மேல படுத்தா முதுகுல கோடு உழும். வீட்லதான் ஒருத்தி இருக்கேனே, எங்கிட்ட குடுத்திருக்கக் கூடாதா?"

"உனக்குத் தெரியாம வாங்கணும்னு..."

"கஞ்சி கூட எடுக்கல. மொறமொறன்னு அப்பளமாட்டம் இருக்கு." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நாள் ஆயிற்று என்று கணக்கு வரவில்லை. "எதுக்கு இது?"

"படுத்தா சூடு ஏறாதாம். டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

"எதுல?"

"பாட்டில்ல."

ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தார். அவள் துணியை எடுத்துக்கொண்டு போய் வாளியில் ஊறவைத்தாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அது கொடியில் கிடந்தது. செவ்வாய் சாயங்காலம் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை மெஷின் ஓடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. புதிய தையல் இருக்கிற இடமே தெரியவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே அறைக்குள் போனார். கட்டிலில் மகள் தந்த மினுங்கும் பெட்ஷீட்தான் இருந்தது. தேய்த்துவிட்டு விரிப்பாள் என்று நினைத்துக்கொண்டார். சுவரோரமாக நகர்ந்து, தன் ஓரத்தில் படுத்தார். எந்த ஓரம் என்று அவர் யோசித்ததில்லை. உடம்பு தானாக அங்கேதான் போனது.

காலையில் எழுந்து வெளியே வந்தபோது ஹாலில், ஜன்னலுக்குக் கீழே, பாயின்மேல் நீலக் கட்டம் விரிந்திருந்தது. ஜெயசீலி ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஈரம் இல்லை. முடி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அவர் காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"நேரமாயிடுச்சா? ஐயோ. ரொம்ப நாள் கழிச்சு விடியவிடியத் தூங்கிட்டேங்க." எழுந்து உட்கார்ந்து துணியை உள்ளங்கையால் தடவினாள். "நல்லாருக்கு இது. சில்லுன்னு இருக்கு. ஒட்டவேயில்ல."

"நல்லாருக்கா?"

"ரொம்ப."

அன்றைக்குக் காபியில் சர்க்கரை சரியாக இருந்தது. பஸ் ஏறும் இடம்வரை நடந்து போகும்போது, தான் சந்தோஷமாக இருக்கிறோமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நினைத்த காரியம் ஒன்று அப்படியே நடந்திருந்தது. அது அவரைத் தள்ளிவிட்டு நடந்திருந்தது.

"இன்னா சார் ரிசல்ட்?" என்றாள் முபஷ்ஷிரா.

"நல்லாத் தூங்கினா."

"பாத்தீங்களா! அம்மிகிட்ட சொல்றேன்."

அவர் ஐந்து பாட்டில்களை மாட்டினார். ஆறாவது காலியாக நின்றது.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தபோது ஜெயசீலி எங்கோ கடைக்குப் போயிருந்தாள். கட்டிலின் பெட்ஷீட்டைத் துவைத்துப் போட்டிருந்தாள். மாற்று விரிக்கவில்லை. வெயிலில் வந்த களைப்பில் சட்டையைக் கழற்றிவிட்டு அப்படியே மெத்தையில் விழுந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. முதுகு முழுக்க நனைந்திருந்தது. புரண்டால் பின்னால் ஏதோ உரிகிற மாதிரி பிரிந்தது. ஒரு சத்தமும் வந்தது, நொறுக்குத்தீனிப் பையைக் கசக்குகிற சத்தம். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டிருக்கிறார். அவள் புரளும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். அவள் ஹாலுக்குப் போனபிறகு அது நின்றுபோனதையும் இப்போதுதான் கவனித்தார்.

எழுந்து உட்கார்ந்து, உள்ளங்கையை மெத்தைமேல் வைத்தார். கடையிலிருந்து வந்த பாலிதீன் உறை. மூன்று வருடமாக அப்படியே இருந்தது.

மகளும் மருமகனும் முதல்முதலாக வந்து தங்குவதற்கு வாங்கிய மெத்தை. வந்த அன்றைக்கே, "கவரப் பிரிச்சிடலாமா?" என்று ஜெயசீலி கேட்டாள். "இருக்கட்டும், கறை படும்" என்றார் அவர். கம்பெனியில் முடிந்த தோல் எதுவும் உறை இல்லாமல் ஒரு மணி நேரம் வெளியே கிடக்காது. ஒரு கீறல், ஒரு விரல்தடம் பட்டால் மொத்தமும் திரும்பி வந்துவிடும். நல்ல பொருள் என்றால் மூடித்தான் வைக்க வேண்டும் என்பது அவர் கையில் ஊறிப்போயிருந்தது. அடுத்த கோடையில், "இது சுடுதுங்க, பிரிச்சிடலாம்" என்றாள். "பிரிச்சா வாரண்டி போயிடும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு தரம், அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, "அந்தக் கவரு..." என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பவில்லை. அவள் முடிக்கவில்லை.

லேபில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார், எவ்வளவு நல்ல தோலானாலும் அடியில் ரெக்ஸின் போட்டால் கால் வெந்துபோகும் என்று. ராத்திரி எழுந்து போகும்போது அவள் அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டு முடித்திருந்தாள்.

ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் தரையில் நகர்ந்துகொண்டேயிருந்தது. அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, மெத்தையின் கால்பக்க மூலையில், உறையிலிருந்து ஒரு வட்டம் வெட்டினார். பாட்டில் வாயின் அளவு கைக்குத் தெரியும். வெட்டிய வட்டத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, அந்த மூலையைத் தலையணையால் மூடினார்.

திங்கட்கிழமை அதை ஆறாவது பாட்டிலில் மாட்டினார்.

"சார், இது பாலிதீன்."

"ஆமா."

"இதுக்கு எதுக்கு டெஸ்ட்டு? ஜீரோதான் வரும்."

"தெரியும்மா. இருந்தாலும் போட்டுப் பாக்கணும்."

முபஷ்ஷிரா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் மேசைக்குப் போனாள். மறுநாள் எடை பார்த்தபோது அவளும் வந்து நின்றாள். முந்தைய நாள் எழுதிய எண்ணும் தராசு காட்டிய எண்ணும் ஒன்றாகவே இருந்தன, கடைசி இலக்கம்வரை. இன்பராஜ் கம்பெனிச் சீட்டில் எழுதினார். பொருள்: மெத்தை உறை. ஈரம் கடந்த அளவு: பூஜ்யம். கையெழுத்துப் போட்டார். இருபத்துநான்கு வருடத்தில் எத்தனையோ தோலைத் தள்ளியிருக்கிறார். தன் வீட்டுப் பொருளைத் தள்ளியது இதுதான் முதல் தடவை.

சீட்டு ஐந்து நாள் அவர் பையில் இருந்தது. தினமும் கொடுக்க நினைத்தார். அவள் சோறு போடும்போது நினைத்தார். அவள் பாய் விரிக்கும்போது நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், பாத்திரமெல்லாம் கழுவி முடித்துவிட்டு அவள் வந்து உட்கார்ந்தபோது கொடுத்தார்.

ஜெயசீலி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் படித்தாள்.

"ஜீரோவா?"

"ஜீரோ."

"இதக் கண்டுபுடிக்கிறதுக்கு ஒரு பாட்டிலு வேற செலவு பண்ணீங்களாக்கும்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புகிறவரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ மூணு தடவ சொன்ன" என்றார்.

"நாலு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சீட்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை. தையல் எத்தனை என்று கேட்டால் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். மெத்தையைத் தூக்கி நிறுத்த ஒரு ஆளால் முடியவில்லை. ஜெயசீலி வந்து மறுபக்கம் பிடித்தாள். "அப்படியே கிழிச்சிடாதீங்க, மெத்தத் துணி மாட்டிக்கும். குடுங்க இங்க." அவள் வெட்டினாள், அவர் உரித்தார். மூன்று வருடச் சூடு உள்ளேயே இருந்ததுபோல ஒரு பழைய ரப்பர் வாசனை கிளம்பியது. உறையைச் சுருட்டினால் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. அதை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது மெத்தைமேல் நீலக் கட்டம் விரிந்திருந்தது. ஜெயசீலி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் அவள் பக்கத்தில் படுக்கவில்லை. தன் உடம்புச் சூடு கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியை இழுத்து வாசல் பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் முதுகு ஏறி இறங்கியது. ஒரு தரம் புரண்டாள். சத்தமே வரவில்லை.

நாலரை மணிக்கு எழுந்தாள். ரவிக்கையின் முதுகில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"எப்படியிருக்கு?"

"பரவால்ல."

சாயங்காலம் போயிற்று. சாப்பிட்டார்கள். அவள் அறைக்குள் வந்து, நீல விரிப்பை எடுக்காமல், தலையணையை மட்டும் எடுத்தாள். கதவருகே நின்றாள்.

"ஹால்ல பழகிட்டேங்க."

"ம்" என்றார். பிறகு, அதையே சொல்லிவிட்டோமே என்று பதறி, "சரி சீலி. உனக்கு எங்க தூக்கம் வருதோ அங்க படு" என்றார்.

அவள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இப்ப மாசி மாசம். இது ஒண்ணும் சூடு இல்ல. மே மாசம் வரட்டும். அதுல தாங்குச்சுன்னா பாப்போம்."

"மே மாசம்."

"ஆமா. நம்ம ஊரு மே மாசம்."

ஹாலில் பாய் விரிகிற சத்தம் கேட்டது. ஃபேன் வேகம் கூடியது. இன்பராஜ் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். துணி சில்லென்று இருந்தது. கட்டில் முழுதும் அவருக்குத்தான் என்றாலும் தன் ஓரத்தை விட்டு அவர் நகரவில்லை. மூன்று தடவை அவருக்குத் தெரியும். மெத்தை வந்த நாள், அடுத்த கோடை, டிவி முன்னால். நாலாவது எப்போது, எந்த இடத்தில் நின்று சொன்னாள், தான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்த் தேடிக்கொண்டிருந்தார்.